அந்தியோகியாவில் ஒரு பந்தி

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவன். சென்னையில் வேலை பார்க்கிறேன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அலுவலகத்தில் என் நெருங்கிய நண்பன் ஓர் இந்து. சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் அவன் கேட்டான்: "வாழ்நாள் முழுக்கக் கொலை செய்தவன் சாகும்போது இயேசுவை ஏற்றுக்கொண்டால் பரலோகம். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத என் பாட்டிக்கு நரகம். இதுதான் உங்கள் சத்தியமா?" ஆதாம் செய்த பாவம் தன் தலையில் எப்படி விழும் என்றும் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் பாஸ்டரிடம் கேட்டேன். "விசுவாசி, விவாதிக்காதே" என்றார். இரவில் தூக்கம் வரவில்லை ஐயா. நான் விசுவாசத்தை இழந்துகொண்டிருக்கிறேனா?

எங்கள் வீட்டில் எல்லாரும் இரட்சிக்கப்பட்டவர்கள். சினிமா கிடையாது, குடி கிடையாது. அம்மா நகை போடுவதையே விட்டுவிட்டார். இப்போது அக்காவுக்கு வரன் பார்க்கிறோம். இரட்சிக்கப்பட்டவராகவும் நம் சாதியாகவும் ஒரு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று சபையே உபவாசித்து ஜெபிக்கிறது. நீங்களும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நண்பனின் பாட்டிக்காகத் தூக்கத்தை இழந்தவன் விசுவாசத்தை இழக்கவில்லை. உங்களுக்குத் தூக்கம் வராதது நல்ல அடையாளம். அன்பு இருக்கும் இடத்தில்தான் இந்தக் கேள்வி உறுத்தும். உங்கள் பாஸ்டர் அதை ஒரே வரியில் மூடிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. சீடன் தோமா, உயிர்த்தெழுந்தவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தபோது, "விவாதிக்காதே" என்று இயேசு சொல்லவில்லை. கையை நீட்டச் சொன்னார்.

ஆதாமைப் பற்றி இப்போது வேண்டாம். அகுஸ்தீன் காலத்திலிருந்து எழுதித் தீராத விஷயம் அது. உங்கள் நண்பனின் நட்பும் அதைத் தீர்ப்பதால் நிற்கப்போவதில்லை. பாட்டியைப் பற்றிப் பவுல் ரோமர் 2-ஆம் அதிகாரத்தில் சொன்னதே எனக்குப் போதும். நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், இல்லாதவர்களின் இருதயத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது என்கிறார். கத்தோலிக்கர்கள் 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இதையே இன்னும் வெளிப்படையாக எழுதிவைத்தார்கள்: தன் தவறின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சியின்படி கடவுளைத் தேடுகிறவர் மீட்பு அடையலாம். அந்தப் பாட்டியை நியாயம் தீர்க்கும் நாற்காலியில் நீங்களும் உட்கார வேண்டாம், உங்கள் பாஸ்டரையும் உட்காரவிட வேண்டாம்.

கொலைகாரனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு பரதீசு தந்தார் என்பது உண்மை. அதற்கு முன் அவன் என்ன சொன்னான் என்று லூக்கா 23-ஐ எடுத்துப் பாருங்கள். நாம் செய்ததற்கு உரிய தண்டனையைத்தான் அடைகிறோம், இவரோ தகாதது ஒன்றும் செய்யவில்லை என்றான். தன்னைப் பற்றிய உண்மையைச் சாகும் வேளையில் சொன்ன மனிதன் அவன். அவனுக்குத் திருப்பிக் கொடுக்க நேரம் இல்லை. நேரம் இருந்த சகேயு திருப்பிக் கொடுத்தான். எரிகோவில் வரி வசூலித்து வயிறு வளர்த்தவன், பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு என்று எழுந்து நின்று அறிவித்தான். இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான். உங்கள் நண்பன் கேள்விப்பட்டிருக்கும் மலிவான கிறிஸ்தவம் நம் கன்வென்ஷன் மேடைகளில் விற்றது. அவன் மேல் தப்பில்லை.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். உண்மையில் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சில வாரங்களாகவே இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சபைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'மணமகன் தேவை' பகுதியை வாசித்தேன். இரட்சிக்கப்பட்டவர், ஞானஸ்நானம் பெற்றவர், அபிஷேகம் பெற்றவர் என்று வரிசையாகப் போய், ஒவ்வொரு விளம்பரமும் ஒரு சாதிப் பெயரில் வந்து நின்றது. முதல் பக்கத்தில் ஆயர் பரிசுத்தத்தைப் பற்றி எழுதியிருந்தார்.

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். நண்பனின் கேள்விக்கு ஒரு பத்தி முழுக்க வருந்திய நீங்கள், 'நம் சாதியாகவும்' என்று எழுதும்போது ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. சபையே உபவாசிக்கிறது என்கிறீர்கள். அந்த ஜெபம் யாரிடம் போகிறது? ஊரார் ஒதுக்கிய வரி வசூலிப்பவனான ஆயக்காரனோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காக ஏச்சு வாங்கியவரிடம். இயேசுவின் வம்சத்தைச் சொல்லும் மத்தேயு முதல் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போயிருப்பீர்கள். அதில் கானானியப் பெண் ராகாப் இருக்கிறாள், மோவாபியப் பெண் ரூத் இருக்கிறாள். உங்கள் வீட்டு நிபந்தனையைப் பெத்லகேமில் வைத்திருந்தால் போவாஸ் ரூத்தை மணந்திருக்க முடியாது. அவர்கள் கொள்ளுப்பேரன் தாவீது பிறந்திருக்க மாட்டான்.

விசுவாசத்தால் இரட்சிப்பு என்கிறோமே, அந்த உபதேசம் எந்தச் சண்டையில் கூர்மையடைந்தது என்று எந்த ஞாயிறு பள்ளியிலாவது உங்களுக்குச் சொன்னார்களா? பந்திச் சண்டையில். கலாத்தியர் 2-ஆம் அதிகாரம். பேதுரு அந்தியோகியாவுக்கு வந்திருந்தார். யூதர் வழக்கம் தடுத்தும், யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எந்த மனிதனையும் தீட்டு என்று சொல்லாதே என்று யோப்பாவில் தரிசனம் கண்டு, செசரியாவில் யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனவர். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிறகு எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்தார்கள். அவர்களுக்குப் பயந்து பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பர்னபாவும் இழுபட்டுப்போனார் என்று எழுதும்போது பவுலின் குரல் உடைவது எனக்குக் கேட்கிறது. பர்னபா அவருடைய தோழர். யாரும் நம்பாத நாளில் அவரை அப்போஸ்தலர்களிடம் கைப்பிடித்துக் கூட்டிப்போனவர்.

பேதுரு அங்கே எந்தத் தப்பான உபதேசமும் செய்யவில்லை. இயேசு உயிர்த்தெழவில்லை என்று சொல்லவில்லை. யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பிடும் இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். இன்றைய நம் சபைகளில் இது ஒரு பேச்சாகவே ஆகியிருக்காது. பெரியவர், வந்த விருந்தாளிகளின் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பார் என்று சொல்லிவிடுவோம். பவுலோ எல்லாருக்கும் முன்னால் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். இது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை இல்லை என்றார். அந்த மூச்சு அடங்குவதற்குள் எழுதியதுதான், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் ஒருவனும் நீதிமானாவதில்லை, கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தாலேயே ஆகிறான் என்ற வாக்கியம். லூத்தர் பிடித்துக்கொண்டு ரோமாபுரியை எதிர்த்து நின்ற வாக்கியம். உங்கள் வீட்டார் சாட்சி சொல்லும்போது ஆதாரமாகக் காட்டும் வாக்கியம். கூட உட்கார மறுத்தவனை நோக்கி எழுதியதை, கூட உட்கார மறுத்துக்கொண்டே நாம் மனப்பாடம் செய்கிறோம்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் அசனம் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஆலயப் பண்டிகையின்போது ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து அது. முந்தின இரவே ஆக்குப்புரை என்னும் சமையல் கொட்டகையில் அடுப்பு மூட்டுவார்கள். ஆண்கள் ஆட்டை உரிப்பார்கள், பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வெங்காயம் உரிப்பார்கள். விடிவதற்குள் கறி வாசனை வேதபாடத்துக்குள் புகுந்துவிடும். என் குழந்தைப் பருவத்தில் பரலோகம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பந்திதான் நினைவுக்கு வரும்.

எங்கள் ஆலயத்தில் மணி அடித்துக் கூட்டிப் பெருக்கும் ஒரு முதியவர் இருந்தார். கோயில்குட்டி என்பார்கள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவர் ஒரு தூக்குவாளியோடு ஆக்குப்புரைக்குப் பின்பக்கம் வந்து நிற்பார். சோற்றையும் கறியையும் அதில் போட்டுக் கொடுப்பார்கள். அவர் மனைவி சுகமில்லாமல் இருக்கிறார், அதனால் வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். அவர்கள் பந்தியில் உட்காருவதில்லை என்றார். ஏன் என்றேன். வழக்கம் என்றார். அன்று மாலை நற்செய்திக் கூட்டம். பாவிகள் முன்னே வாருங்கள் என்று பிரசங்கியார் அழைத்தார். திருநெல்வேலிக்குப் போய்த் திருட்டுத்தனமாக சினிமா பார்த்த ஓர் அண்ணன் தேம்பித் தேம்பி அழுதபடி முன்னே போனார். சபை முழுக்க அவருக்காகக் கண்ணீர் விட்டது. அந்தத் தூக்குவாளிக்காக ஒருவரும் முன்னே போகவில்லை. அந்த முதியவர்தான் கூட்டம் முடிந்ததும் விளக்கை அணைத்தார்.

பாவம் என்றால் என்ன என்று அன்றைக்கே எங்களுக்குத் தப்பாகக் கற்பித்துவிட்டார்கள். சினிமா, பீடி, பவுடர், பூ. தனியாக ஒளிந்து செய்வதெல்லாம் பாவம். ஊரே கூடி வெளிச்சத்தில் செய்வது வழக்கம்.

இது நேற்று வந்த நோய் இல்லை. 1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவரும் பின்னால் வந்த லுத்தரன் மிஷனரிகளும் இந்த விசுவாச உபதேசத்தைத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆலயத்துக்குள் உட்காரும் இடம் சாதிவாரியாகப் பிரிந்தே கிடந்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சாதியை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று எழுதியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். அதற்கு முன்பே இந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்து எழுதியவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். இதை எழுதக் கை கூசுகிறது. அவர் கீர்த்தனைகளைப் பாடித்தான் நான் ஜெபிக்கவே கற்றேன். தமிழ்ப் பாட்டையும் பண்டிகைப் பூவையும் மிஷனரிகள் ஒதுக்கியதை அவர் எதிர்த்தார். அதில் நான் முழுக்க அவர் பக்கம். சாதியில் அவர் பக்கம் நிற்க முடியாது. இவ்வளவு தேவனைப் பாடிய நெஞ்சுக்குள்ளும் அது உட்கார்ந்திருந்தது என்றால், நம் சாட்சிகளைப் பற்றி நாம் எவ்வளவு பயப்பட வேண்டும்!

வடக்கன்குளம் உங்கள் ஊர்ப் பக்கம்தானே, போய்ப் பாருங்கள். 1872-ல் கட்டிய திருக்குடும்ப ஆலயம். பலிபீடத்திலிருந்து இரண்டு கைகளாகப் பிரிந்து நீளும் கட்டடம். ஒரு கையில் வேளாளர், மறு கையில் நாடார், நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குருவை இரண்டு பேரும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கொத்தனார் இதைக் கட்டுவதற்கு முன் ஒரு குரு இதற்கு ஜெபித்திருப்பார். 1910-ல் சுவரை இடித்தார்கள். மீண்டும் எழுப்பக் கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பியிருந்தார்கள். செத்தவர்களையும் பிரித்துப் படுக்கவைத்துவிட்டு, சரீர உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். இதற்கிடையில் 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதியினருக்கான உரிமை இல்லை. சட்டத்திடம் போனால் நீ கிறிஸ்தவன் என்கிறது, சபைக்கு வந்தால் நீ இன்ன சாதி என்கிறது.

திருமணம் வேறு, விசுவாசம் வேறு என்று சொல்வீர்கள். பந்தியும் அப்படித்தான் வேறாக இருந்தது, பவுல் அதைத் தொடும்வரை. பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டும், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பேச்சுக்கெல்லாம் நான் பதில் எழுதப்போவதில்லை. பேதுருவுக்கும் எருசலேமிலிருந்து வந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் பயம். சொந்தங்களுக்குப் பயப்படுவதை நீங்கள் ஒப்புக்கொண்டால் உங்களோடு உட்கார்ந்து அழுவேன். அதை தேவசித்தம் என்று உபவாச ஜெபத்தில் வைத்தால் என்னால் ஆமென் சொல்ல முடியாது.

உங்கள் அக்காவுக்காக ஜெபிக்கிறேன். அவரை மதிக்கிற, கர்த்தருக்குப் பயப்படுகிற ஒருவர் வரட்டும் என்று ஜெபிக்கிறேன். உங்கள் நிபந்தனையைச் சேர்க்காமல். சபையே ஜெபிப்பதாக எழுதிய நீங்கள் அக்காவின் விருப்பம் என்ன என்று ஒரு வரியும் எழுதவில்லை. இன்றிரவே போன் செய்து அவரிடம் கேளுங்கள்.

அடுத்த உபவாச ஜெபத்தில் இந்த விண்ணப்பத்தை எடுக்கும்போது, கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் 11 முதல் 16 வரை சத்தமாக வாசித்துவிட்டு ஜெபிக்கும்படி உங்கள் பாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் நண்பனையும் அன்று கூட்டிப்போங்கள். பாஸ்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.