மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் கிராம முன்னேற்றத்துக்கு உழைத்த அமைப்புகள் எவை?

முதலில் சொல்ல வேண்டியது 'நாம்' குழுக்களை. தமிழ்ச் சொல் மாதிரி இருக்கும். ஆனால் அந்நாட்டின் பெரிய இனமான மோசி மக்களின் மொழிச் சொல். அவர்களிடம் வழிவழியாக இருந்த இளைஞர் கூட்டுகளையே அடித்தளமாக்கி, 1967-ல் யாத்தெங்கா பகுதியில் பெர்னார் லெதெயா உவெத்ராவோகோ இவற்றைத் தொடங்கினார். பிறகு வந்த 'சிஸ் எஸ்' அமைப்பு, மழையில்லாத மாதங்களில் ஊர்க்காரர்களே திட்டமிட்டுச் செய்யும் வேலைகளுக்குப் பணம் கொடுத்தது.

வெளியிலிருந்து வந்தவற்றில் எனக்குப் பிடித்தது, பிரிட்டனில் தோன்றிய ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1980-களில் அங்கே மண்ணையும் மழைநீரையும் காக்கச் செய்த வேலை. அதற்குக் கருவி, கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அதே தண்ணீர் டியூப்தான். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளும் அதை வைத்துச் சம உயரக் கோடு பார்த்து, வயலில் கல்வரப்பு போட்டார்கள். அடித்துக்கொண்டு ஓடும் மழைத்தண்ணீர் கல்லிடுக்கில் தயங்கி, வண்டலை விட்டுவிட்டு மண்ணில் இறங்கும். பாறைபோல் இறுகிக் கிடந்த நிலத்தில் மறுபடி சோளமும் கம்பும் விளைந்தன.