காலையில் மட்டும் ‘டிக் டிக்’: அம்பாசடர் எஞ்சினைப் பிரிக்கலாமா?

அண்ணே, கானாடுகாத்தான் வீட்டில் மாதக்கணக்கில் நின்ற பழைய பெட்ரோல் அம்பாசடர், ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்கிறது, திருமயம் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடுகிறது, மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள்.

சூடேறினால் அடங்குகிறது என்பதால் என் முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கேஸ்கட் மேல், அதாவது எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அதில் புகை கசிந்தால் இப்படி ‘டிக் டிக்’ கேட்கும். அந்த வார்ப்பிரும்பு சூட்டில் விரிந்து சின்னக் கசிவை அதுவே அடைத்துவிடும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, மேனிபோல்டு ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பகுதி) சேரும் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மை தீற்றியது போலக் கரி படிந்திருந்தால் ஆள் அகப்பட்டான். கேஸ்கட் மாற்றி நட்டுகளைச் சமமாக முறுக்கினால் போதும். அந்த நட்டுகள் ஏறும் ஸ்டட் (மரைக்கம்பி) துருப்பிடித்திருக்கும், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், உடைந்தால் பெரிய தலைவலி.

கரி இல்லையா? சரி, வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் டேப்பட் சத்தம் சூடேறினாலும் பெரும்பாலும் போகாது.

மேடு ஏறும்போது அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று கேட்டு, ஆயில் விளக்கும் மினுக்கினால் அது எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங். அங்கேயே நிறுத்திவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இன்றைக்கே பார்த்துவிட்டு அளவைச் சொல்லுங்கள்.