வாசகர் கேள்வி – பதில்: சாமந்திக்கு நடுவே ஒரு தலைவர்

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் ஓவியம் பயில்கிறாள். பழைய ஐரோப்பிய முறைப்படி எண்ணெய் வண்ணத்தில் மாதக்கணக்கில் உழைக்கிறாள்; ஆனால் அவள் வரைவதோ, கட்அவுட் நாயகனைப் போலக் கூலிங் கிளாஸ் அணிந்து பிச்சாவரத்துக் காட்டின் நடுவே நிற்கும் ஒரு மீனவ இளைஞனை. இப்படிக் கலப்பது கலையாகுமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஆகும், அம்மா. உறவினர்களின் பூஜை அறையில் லட்சுமி படம் இருந்தால், அதற்கும் இத்தகைய கலப்பே மூலம். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் நம் தெய்வங்களை வரைந்த ரவி வர்மா, 1894-இல் அச்சகம் தொடங்கி அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தார்.

நம் காலத்தில் இவ்வழியில் செல்பவர்களுள் ஒருவர், 1977-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த கெஹிண்டே வைலி. ழாக்-லூயி தாவித் வரைந்த, ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியன் ஓவியத்தை அவர் 2005-இல் மீண்டும் வரைந்தபோது, அதே குதிரையின் மீது, அதே தோரணையில், ராணுவ நிறச் சட்டையும் தெருவில் அணியும் பூட்ஸும் போட்ட ஒரு கறுப்பின இளைஞரை அமர்த்தினார். மூல ஓவியத்தின் பாறையில் போனபார்ட், ஹானிபால் முதலிய பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. வைலி அவற்றோடு வில்லியம்ஸ் என்ற எளிய குடும்பப் பெயரையும் சேர்த்தார். அரண்மனைச் சுவரில் ஒருபோதும் இடம் பெறாத மனிதருக்கு அந்த இடத்தைத் தருவதற்காகவே அவருக்குப் பழைய நுட்பம் தேவைப்பட்டது.

உங்கள் மகள் மிகவும் கவனிக்க வேண்டியது, வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் 2018-இல் திறந்துவைக்கப்பட்ட, பராக் ஒபாமாவை வைலி வரைந்த ஓவியம். நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒபாமாவைச் சூழ்ந்து இலையும் பூவும் அடர்ந்திருக்கின்றன: சிகாகோவுக்குச் சாமந்தி, பிறந்த ஹவாய்க்கு மல்லிகை, தந்தையின் நாடான கென்யாவுக்கு நீல ஆப்பிரிக்க லில்லி. சங்கப் பாடலில் பழகிய நமக்கு இது புதிதன்று; ஒரு பூவைச் சொல்லியே நிலத்தையும் அங்கு வாழ்பவரின் மனத்தையும் சொல்லும் கருப்பொருள் மரபு நம்முடையது. நெய்தல் பாடல்களில் வரும் கண்டல் இன்றும் நம் உப்பங்கழிகளில் நிற்கிறது.

ஆகவே அவள் வரையும் காடு வெறும் பச்சைத் திரையாக இருக்கக் கூடாது. சுரபுன்னையின் தாங்கு வேர் வேறு, சேற்றிலிருந்து ஆணிபோல் நிமிரும் வெண்கண்டலின் மூச்சு வேர் வேறு. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லையின் இலை இவை இரண்டிலிருந்தும் வேறு. படகில் சென்று, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு வேரையும் பென்சிலால் வரைந்து பழகச் சொல்லுங்கள். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் என்பதால், அதன் கிளையை ஒடிக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: பழைய ஓவியங்களின் தோல் நிறத்தில் தெரியும் உள்ளொளி எப்படி வருகிறது? என் படங்களில் அது வரவில்லை. ஓராண்டில் வெடிப்பும் விழுகிறது.
– ஓர் ஓவிய மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் சாம்பல் நிறத்தில் ஒளியையும் நிழலையும் முழுதாகத் தீட்டி, அது காய்ந்த பின் ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது அக்கால முறைகளுள் ஒன்று. வெளிச்சம் அந்தப் பூச்சுகளைக் கடந்து, அடியிலுள்ள வெளிர்நிறத்தில் பட்டுத் திரும்புவதால் தோல் உள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றுகிறது. வெடிப்புக்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். ஆளி விதை எண்ணெய் நீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே செல்லச் செல்லக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இது தலைகீழானால், மேற்பூச்சு இறுகிய பிறகும் கீழ்ப்பூச்சு அசைந்து படம் வெடிக்கும். நம் கடற்கரையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூச்சுகளுக்கிடையே இன்னும் அதிக நாள் விடுங்கள். கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்காதபடி, அதைச் சுவரோடு ஒட்டாமல் சற்று விலக்கி வையுங்கள்.