ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

கேள்வி: எனக்கு வயது 29. பி.காம். படித்துவிட்டுத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சேர்ந்து நாலு வருஷம் மூணு மாசம் ஆகிறது. பையருக்கு (துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு) மெயில், சாம்பிள், ஷிப்மென்ட் தேதி என்று ராத்திரி ஒன்பது மணிக்கும் போன் அடிக்கும். சாம்பிள் ஓகே ஆனால்கூட எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

என் சித்தப்பா தையல் மெஷின் மெக்கானிக். பள்ளிக்கூட லீவு முழுக்க அவர் பட்டறையில்தான் கிடப்பேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்து மெஷின்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. இந்த வேலையை விட்டுவிட்டு மெக்கானிக்காகவே ஆகிவிடலாமா? "படிச்ச புள்ள எண்ணெய்க் கையோட வூடு வூடாப் போறதாக்கும்?" என்கிறார் அத்தை. வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எழுதியது ஆறு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தையும் நான் இரண்டு முறை படித்தேன். அலுவலகத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துத் தெரு அக்காவின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினைப் பற்றி இரண்டு பக்கம். நூல் அறுந்துகொண்டே இருந்தது, வந்த இரண்டு மெக்கானிக்குகளும் ஊசியை மாற்றி, நூல் இறுக்கும் டென்ஷனைத் திருகிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் ஊசியோடு சேர்ந்து நூலைக் கண்ணியாகப் பின்னும் லூப்பரைக் கழற்றி, நகத்தை அதன் மேல் மெல்ல ஓட்டி, நூல் நுழையும் ஓட்டையின் விளிம்பில் மயிரிழை அளவு பிசிறு இருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். நைஸ் எமரித் தாளால் தேய்த்து, திரும்ப நகத்தை ஓட்டி, மறுபடி தேய்த்து... "மணி பத்தானதே தெரியலை" என்று அந்த இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

ஆனாலும் அதை மட்டும் வைத்து வேலையை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு நாளில் செய்யும் எதுவும் இனிக்கத்தான் செய்யும். மேலாளர் சரியில்லாததால் வந்த சலிப்பை வேலையின் மேல் வந்த சலிப்பாக நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு கம்பெனி மாறினாலே போதும். உங்களுடையது அதுவல்ல என்று நான் நினைக்கக் காரணம் ஒரே ஒரு வரி: "சாம்பிள் ஓகே ஆனால்கூட சந்தோஷம் வருவதில்லை." திட்டு வாங்கும் நாளில் எந்த வேலையும் கசக்கும். நல்லபடியாக முடிந்த நாளிலும் மனசு அசையவில்லை என்றால், அந்த வேலைக்கும் உங்களுக்கும் ஒட்டுதல் இல்லை.

இப்போது என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஏன் காசு வாங்குவதில்லை?

என் அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். கறுப்பு நிற உஷா, மிதி மெஷின். ஒரு வருஷம் தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினால் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று நாலாம் நாள்தான் வந்தார். ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். நுனி வளைந்திருந்தது. புது ஊசியை, தட்டைப் பக்கம் சரியாக உட்காரும்படி மாட்டினார். பாபின் கேஸுக்கு அடியில் மெத்தை மாதிரி படிந்திருந்த பஞ்சை ஊதித் துடைத்தார். அவ்வளவுதான், பத்து நிமிஷம். கேட்ட கூலியை அம்மா பேரம் பேசாமல் கொடுத்தார். காய்கறிக்காரரிடம் எட்டணாவுக்கு வாதாடும் அம்மா! திருப்பி அனுப்பிய துணிகளின் தையல் கூலியை அந்த நாலு நாளும் அவர் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அந்த ஓவர்லாக் அக்காவும் அப்படித்தான் கூட்டிக்கொண்டிருந்திருப்பார். அவருக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்தது ஒரு நாள் வருமானம். பதிலுக்குக் காபியும் முறுக்கும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் இலவசமாகச் செய்யும்வரை உங்கள் அத்தைக்கு அது பொழுதுபோக்காகத்தான் தெரியும், அவரைக் குறை சொல்ல முடியாது. உங்களுக்குமே இது தொழிலா, ஆசையா என்று தெரியப்போவதில்லை. கூலி என்று வந்துவிட்டால் எல்லாம் மாறும். "நேத்துப் பார்த்தீங்க, இன்னைக்கு மறுபடி அறுக்குது" என்று காலையில் போன் வரும். உங்கள் தப்பே இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்தாக வேண்டும். சிலர் பேரம் பேசுவார்கள், சிலர் அடுத்த வாரம் தருகிறேன் என்பார்கள். இத்தனைக்கும் பிறகு லூப்பரில் நகத்தை ஓட்டும்போது மணி போவது தெரியாமல் இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

பார்ப்பதற்கு உங்களுக்கு ஒன்பது மாதம் இருக்கிறது. ஏன் ஒன்பது என்றால், ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்து வருஷம் முடித்த நிரந்தரப் பணியாளருக்கு, விலகும்போது கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து, அதை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்க வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து உங்களுக்கு மாசம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருஷத்துக்கு 46 ஆயிரத்துச் சொச்சம் வரும். ஒன்பது மாதம் பொறுக்காமல் அதை விட்டுவிட்டு வராதீர்கள், தங்கச்சி. ஒரு நல்ல டூல் செட்டும், ஓட்டிப் பழக ஒரு பழைய பவர் மெஷினும் வாங்க அந்தப் பணம் உதவும். பி.எஃப். பென்ஷன் கணக்கையும் அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். எடுக்காமல், வேலை பார்த்த வருஷங்களைப் பதிந்து பி.எஃப். அலுவலகம் தரும் ஸ்கீம் சர்டிபிகேட்டை வாங்கி வைத்தால், பின்னாளில் வேறு எங்காவது வேலைக்குச் சேர்ந்தாலும் இந்த வருஷங்கள் கணக்கில் சேரும்.

இந்த ஒன்பது மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. சித்தப்பா காலத்தில் பவர் மெஷினுக்குக் கீழே கிளட்ச் மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது ஜூக்கி கம்பெனி மெஷினானாலும் ஜாக் கம்பெனி மெஷினானாலும், தைக்கும்போது மட்டும் ஓடும் சர்வோ மோட்டார், அதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு, நூலைத் தானே வெட்டும் டிரிம்மர் என்று ஆகிவிட்டது. திரையில் எர்ரர் நம்பர் விழும். ஊசி, லூப்பர், டைமிங் இதெல்லாம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. போர்டு வரவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தெரிந்த மெக்கானிக் யாரிடமாவது உதவியாளராக சனிக்கிழமை சாயங்காலம் கூடப் போங்கள். இதைக் கற்காமல் போனால் வீட்டு மெஷின்களோடு நின்றுவிடுவீர்கள். ஐந்து, பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுகள் உங்களை அழைக்காது. பெரிய கம்பெனிகளில் ஷிப்டுக்குச் சொந்த மெக்கானிக் இருப்பார், அது வேறு கதை.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் எழுதவே இல்லை. வீட்டில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மத்தியானம் வீட்டில் தனியாக இருக்கும்போது முன்பின் தெரியாத ஆணை உள்ளே விட யோசிப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்த பிறகு வரச் சொல்வார்கள், அந்த நாள் போய்விடும். நீங்கள் மத்தியானமே போகலாம், மகள் பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்பலாம். படித்த படிப்பு வீணாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வீட்டில் எந்த மெஷின், எப்போது எந்தப் பார்ட் மாற்றினோம் என்று நோட்டுப் போட்டு வைக்கும் மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. பி.காம். அங்கே பேசும்.

வருமானம் மாசா மாசம் ஒரே மாதிரி வராது. பள்ளி திறக்கும் ஜூனில் யூனிஃபார்ம், அப்புறம் தீபாவளி, தை பிறந்தால் முகூர்த்தம். அப்போது நிற்க நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் போன் அடிக்காது. அதனால் மூன்று மாத வீட்டுச் செலவு கையில் சேராமல் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். முதல் வருஷம் கடன் வாங்கிக் கடை போடுவதும் வேண்டாம். வண்டியும் பையும் போதும்.

அத்தையிடம் வாதம் செய்ய வேண்டாம். வீட்டுக்காரர் சொன்ன "உன் இஷ்டம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி நேரம் அதற்கு அர்த்தம் "பின்னால் என்னைக் குறை சொல்லாதே" என்பதுதான். ஒரு நாள் மகள் தூங்கிய பிறகு அவரை உட்காரவைத்து வரவு செலவு நோட்டைக் காட்டுங்கள். அத்தை காதிலும் விழட்டும்.

ஒன்பது மாதம் கழித்துக் கணக்குக் கைகொடுக்காவிட்டால் வேலையில் இருங்கள், ஞாயிற்றுக்கிழமையை விடாதீர்கள், இன்னொரு வருஷம் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எதுவானாலும் எனக்கு எழுதுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை யார் கூப்பிட்டாலும் மெஷின் கவரைக் கழற்றுவதற்கு முன்னால் கூலியைச் சொல்லிவிடுங்கள். கழற்றிவிட்டால் உங்களுக்குக் கேட்க வாய் வராது.