மீன்பிடி நீராவிக் கப்பலுக்குப் போரில் என்ன வேலை?

மீன் பிடிக்கிற கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை ஏன் முதல் உலகப் போருக்கு எடுத்தது என்பது கேள்வி. முக்கியக் காரணம் அதன் மேல்தளத்திலேயே இருக்கிறது: நீராவி வின்ச். கனமான இழுவலையைக் கடலடியில் இழுத்துவர, கம்பிவடத்தைச் சுற்றி ஏற்றும் இயந்திரம் அது. எதிரி கடலுக்குள் நங்கூரமிட்டு வைத்த கண்ணிவெடியை அகற்றவும் அதே வேலைதான். இரண்டு கப்பல்கள் நடுவே கம்பிவடத்தைக் கட்டி இழுத்தால், கண்ணிவெடியின் நங்கூரக் கம்பி மாட்டிக்கொள்ளும். ஆட்களும் இதற்குப் பழகியவர்கள்.

1906-இல் இங்கிலாந்தின் பெவர்லியில் கட்டிய 'வயோலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹல் துறைமுகத்திலிருந்து வட கடலுக்குப் போகும். பிடித்த மீனைப் பெட்டிகளில் அடைத்து, சின்னத் துடுப்புப் படகில் ஏற்றி, லண்டன் சந்தைக்கு ஓடும் கப்பலுக்கு நடுக்கடலிலேயே மாற்றுவார்கள். என்னைக் கேட்டால் வலை இழுப்பதைவிட இதுதான் பயங்கரம்; படகு கவிழ்ந்து செத்தவர்கள் உண்டு.

1914-இல் கடற்படை எடுத்துக்கொண்டது. பீரங்கி ஏறியது. 1918-இல் இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளை அழித்ததில் இதற்கும் பங்குண்டு. போர் முடிந்ததும் நார்வேக்காரர்களிடம் போனது. அப்புறம் திமிங்கல வேட்டை, சீல் வேட்டை, 'டையாஸ்' என்று புதுப் பெயர். இப்போது தெற்கு அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கனில், பழைய எஞ்சினோடு துருப்பிடித்துக் கிடக்கிறது. ஹல்லுக்கே திரும்பக் கொண்டுவர ஒரு அறக்கட்டளை முயன்றிருக்கிறது.