14 லட்சம் வந்தது, 12 லட்சம் வரை வரி இல்லையாமே?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் கிராமத்தில் இருந்து யூடியூப்பில் சமையல் சேனல் நடத்துகிறோம். கேமராவும் எடிட்டிங்கும் கணவர் பொறுப்பு. சேனல், வங்கிக் கணக்கு இரண்டும் என் பெயரில். 2025-26இல் யூடியூப் பணம் 9.2 லட்சம் வங்கிக்கு வந்தது. அமெரிக்க வரி என்று 14,000 ரூபாய் போக வந்த தொகை இது. நிறுவனங்களின் விளம்பர வீடியோவுக்கு 4.5 லட்சம், அதில் வரிக்கென்று 45,000 டிடிஎஸ் பிடித்தார்கள். ஒரு நிறுவனம் 48,000 ரூபாய் போன் கொடுத்தது, அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். ஜூனில் வாங்கிய 1.2 லட்சம் ரூபாய் கேமராவையும் சேர்த்து வருடச் செலவு 3 லட்சம். நான் வரி கட்ட வேண்டுமா? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? இவ்வளவு வந்தும் கையில் எதுவும் நிற்பதில்லையே சார்?

பதில்: முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் பயப்படுவதற்கு மாறாக, உங்களுக்குத்தான் பணம் திரும்பி வரவேண்டும். ஆனால் வருமான வரி ரிட்டர்ன் போட்டால்தான் வரும். வரி இல்லை என்பது வேறு, ரிட்டர்ன் வேண்டாம் என்பது வேறு.

வருமானம் என்பது வங்கிக்கு வந்த தொகை மட்டுமல்ல, பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. யூடியூப் 9.34 லட்சம், விளம்பரம் 4.5 லட்சம். போனுக்கு 48,000 ரூபாயும் சேரும். தம்பி வைத்திருந்தாலும் அது உங்கள் வருமானம்தான். 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால், கொடுக்கும் நிறுவனம் 194ஆர் பிரிவின்படி 10% டிடிஎஸ் கட்ட வேண்டும். உங்கள் போனுக்கு 4,800 கட்டியிருக்கிறார்களா என்று, உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் பாருங்கள். விமர்சனம் செய்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஆக மொத்தம் 14.32 லட்சம்.

12 லட்சம் வரை வரி இல்லை என்பது புதிய வரி முறையில், செலவு போக நிற்கும் லாபத்துக்கு. 14.32இல் 3 லட்சம் போனால் 11.32, தப்பித்தோம் என்றுதான் நீங்களும் கணக்குப் போட்டிருப்பீர்கள். கேமரா அங்கேதான் இடிக்கிறது. அது பல வருடம் உழைக்கும் சொத்து, ஒரே வருடத்தில் செலவு எழுத முடியாது. தேய்மானம் 15%, அதாவது 18,000 ரூபாய் மட்டும்தான் கழியும். அப்போது மொத்தச் செலவு 1.98 லட்சம், லாபம் 12.34 லட்சம். எல்லையை 34,000 ரூபாய் தாண்டிவிட்டீர்கள். கொஞ்சமாகத் தாண்டுபவர்களுக்கு விளிம்புச் சலுகை உண்டு: தாண்டிய 34,000தான் அதிகபட்ச வரி, அதன் மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியோடு 35,360.

இன்னொரு வழி வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு. தொழில்முறை வருமானம் 50 லட்சம் வரை இருந்தால் அதில் பாதியை லாபமாகக் காட்டலாம். உங்களுக்கு 7.16 லட்சம் ஆகும், வரி பூஜ்யம். கேமரா, தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. அந்தப் பிரிவின் பட்டியலில் யூடியூபர் என்று எழுதியிருக்காது, அதனால் தயங்கும் ஆடிட்டர்களும் உண்டு. ஆனால் 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2024-25 வருமானத்துக்கான ரிட்டர்னிலிருந்தே, படிவத்தில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்று 16021 என்ற குறியீடே வந்துவிட்டது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆடிட்டரிடம் பேசி இந்த வழியில்தான் போவேன். ஒன்று மட்டும்: அடுத்த வருடம் வீட்டுக் கடன் கேட்கும் எண்ணம் இருந்தால், வங்கி பார்க்கப்போவது இந்த 7.16 லட்சத்தைத்தான்.

நிஜக் கணக்கு வழியில் போவதானால் ஒரு எச்சரிக்கை. படப்பிடிப்புக்கு வாங்கிய வஞ்சிரத்தைக் கேமரா அணைந்ததும் வீடே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும். அதை முழுக்கத் தொழில் செலவு என்று எழுதாதீர்கள், ஒரு பங்கு வீட்டுச் செலவு.

அமெரிக்க வரி 14,000, அங்குள்ள பார்வையாளர்களால் வந்த பங்குக்கு மட்டும் பிடித்தது. 15% வீதத்தில் பிடித்திருந்தால், அமெரிக்க வரிக்காக யூடியூபிடம் கொடுக்கும் டபிள்யூ-8பென் படிவம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அது காலாவதியாக விடாதீர்கள். செல்லுபடியாகும் வரி விவரம் இல்லாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த யூடியூப் வருமானத்தில் 24% வரை பிடிப்பார்கள். கட்டிய 14,000ஐ இங்கே கழிக்க முடியுமா? இங்கே வரி இருந்தால்தான் அதில் கழியும். இங்கே பூஜ்யம் என்றால் அந்தப் பணம் போனதுதான்.

ஜிஎஸ்டி இப்போது வேண்டாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் எடுக்க வேண்டும். யூடியூப் பணம் சிங்கப்பூரிலிருந்து வரும் ஏற்றுமதி வருமானம், அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று பலர் அதை எண்ணாமலே விட்டுவிடுகிறார்கள். வரி இல்லைதான், ஆனால் 20 லட்சக் கணக்கில் அதுவும் சேரும்.

சரி, கையில் ஏன் நிற்பதில்லை? யூடியூப் பணமும் மளிகைச் செலவும் ஒரே கணக்கில் இருப்பதுதான் முதல் காரணம். தீபாவளி மாதங்களில் விளம்பரப் பணம் ஏறும், ஜனவரியில் இறங்கும். ஏறிய மாதத்தைப் பார்த்துப் பழகிய வீடு, இறங்கிய மாதத்தில் கடன் வாங்கும். சேனலுக்குத் தனிக் கணக்கு திறங்கள். கடந்த 12 மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தின் தொகை எவ்வளவோ, அதையே உங்கள் சம்பளமாக வைத்து ஒவ்வொரு 1ஆம் தேதியும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். மிச்சம் அங்கேயே கிடக்கட்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைக்கச் சொல்வேன், உங்களுக்கு ஒரு வருடம். 90 நாளில் மூன்று பதிப்புரிமைப் புகார் உறுதியானால் சேனலே போய்விடும் தொழில் இது.

போனுக்கான 4,800ஐயும் கட்டியிருந்து, 44ஏடிஏ வழியில் போனால் 49,800 ரூபாய் திரும்பி வரும். உங்கள் கடிதத்தில் கேமரா இருக்கிறது, போன் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு வரிகூட இல்லை. லென்ஸ் வாங்கும் முன் இந்தப் பணத்தில் உங்கள் இருவருக்கும் ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள்.