வெறும் மேட்டைக் காட்டி என்ன பேசுவது?
தொல்லியல் நடைக்கு ஆட்களைக் கூட்டிப்போனால் காட்ட மேடும் வயலும்தான் இருக்கின்றன, வருபவர்கள் சலித்துப்போகிறார்கள் என்கிறீர்கள். முதலில் நேரத்தை மாற்றுங்கள். உச்சிவெயிலில் எந்த மேடும் தட்டையாகத்தான் தெரியும். காலை, மாலைச் சாய்வெயிலில் பழைய கரையும் அகழியும் நிழலால் எடுப்பாகத் தெரியும். வறண்ட பருவமென்றால் பயிரையே காட்டலாம்: புதைந்த சுவருக்கு மேல் சீக்கிரம் மஞ்சளாகும், தூர்ந்த அகழியின் மேல் ஈரம் தங்குவதால் பச்சையாக உயர்ந்து நிற்கும். வான்வழிப் படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் சட்டெனப் புரியும்.

அப்புறம், ஆண்டுக்கணக்குப் பேச்சை நடைக்கு முன்பே உட்காரவைத்து முடித்துவிடுங்கள். நின்றுகொண்டு அரசர் பட்டியல் கேட்க யாருக்குப் பொறுமை? களத்தில் ‘இங்கே ஏன் குடியேறினார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் என்று அவர்களே தேடுவார்கள். பானை ஓடு கண்ணில் பட்டால் படமெடுக்கட்டும், பையில் போடவிடாதீர்கள்.